பாறை ஏறப் பழகுவோர்க்கு

ஆண்டுதோறும் அகத்தியர்கூட யாத்திரைக்கு முன்பதிவு தொடங்கியதும் நம் சங்கக் குடும்பங்களில் ஒரு பரபரப்பு எழும். பொதிகை முனிவர் நம்மவர் என்ற உரிமை! போணக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் 1868 மீட்டர் உயரச் சிகரம். பெரும்பகுதி நடைதான். கடைசியில் சில செங்குத்துப் பாறைகளில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். கையால் பிடிக்கும் கயிறு, கை நழுவினால் நம்மைக் காப்பாற்றாது. உடம்போடு கட்டிய கயிறே காப்பாற்றும். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இதைக் கற்பிக்கும் இடம் நம் அருகிலேயே இருந்திருக்கிறது. என்.சி.சி. தன் மாணவர்களுக்கான பாறையேற்ற முகாம்களை வடக்கே குவாலியரிலும் தெற்கே நம் நெய்யாறு அணைப் பகுதியிலும் நடத்தி வந்துள்ளது. என்.சி.சி.யில் இருக்கும் என் பேத்தி ஒரு நாள் மாடிக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக் காட்டியபோது, ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்தே காலம் கழித்த எனக்கும் ஆசை வந்துவிட்டது. "அறுபத்தாறு வயதில் இதென்ன கூத்து" என்றாள் என் மனைவி. ஆயினும் ஒரு பயிற்சியாளரிடம் அரிச்சுவடி கற்றேன்.

முதல் பாடம், கையை நம்பாதே என்பது. கையால் இழுத்து ஏறுபவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். எடையைக் கால்கள் தாங்க வேண்டும். கை சமநிலைக்கு மட்டும். இரு கை, இரு கால் என்ற நான்கில் மூன்று பாறையில் பதிந்திருக்க, ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும்.

புதியவர்களுக்குக் கயிறு மேலே உறுதியான பிடிமானம் வழியாகச் சென்று திரும்பும். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பு ஹார்னஸில் எட்டு முடிச்சால் கட்டப்படும். மறுபக்கத்தைக் கீழே நிற்பவர் ஒரு பிரேக் கருவி வழியாகப் பிடித்து, அவர் ஏற ஏறத் தளர்வை இழுத்துக்கொள்வார். பிரேக் பக்கத்துக் கை எக்காரணம் கொண்டும் கயிற்றை விடக்கூடாது.

ஏறுமுன் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும்: பக்கிள், முடிச்சு, காராபைனரின் திருகு, ஹெல்மெட். "தயாரா?" என்று கேட்டு, "தயார்" என்ற பதில் வந்த பிறகே கால் எடுத்து வைக்கலாம். நம் லைன் கிளியர் முறையேதான்! அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்காமல் வண்டி நகராதல்லவா?

கயிறு எனக்குப் பெரிய வியப்பு. கிணற்றுக் கயிறும் தேங்காய் நார்க் கயிறும் இதற்கு உதவா. ஏறும் கயிறு நைலானால் ஆனது. விழும்போது நீண்டு, ரயில் பெட்டியின் பஃபர் போல அதிர்ச்சியை விழுங்கும். சோதனையில் அது உடம்புக்குக் கடத்தும் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி; அதாவது சுமார் 1200 கிலோ பளு. காராபைனர் நீளவாக்கில் 20 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். கதவு திறந்திருந்தால் அதில் பாதி தாங்கும் என்பதற்கும் உறுதியில்லை. திருகை ஏன் பூட்டச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

2022 பிப்ரவரியில் மலம்புழையின் குறும்பாச்சி மலையில் நடந்ததைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். கயிறின்றி ஏறிய இளைஞர் ஒருவர் சறுக்கி, பாறை இடுக்கில் அன்னமும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு நாள் சிக்கிக்கொண்டார். 9ஆம் தேதி ராணுவ வீரர் மேலிருந்து கயிற்றில் இறங்கி, தண்ணீர் கொடுத்து, தன்னோடு பிணைத்து மேலே கொண்டுவந்தார். ஏறும்போது கண்முன் தெரியும் கால்பிடி இறங்கும்போது தெரியாது. ஏறிய வழியிலேயே இறங்கிவிடலாம் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள். மழைக்குப் பின் பாசி பிடித்த பாறையைத் தொடவே வேண்டாம். மேலே தேன்கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டே கயிறு கட்டுங்கள்.

கயிற்றுக்கும் ஓய்வு வயது உண்டு. உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்பார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். கழித்த கயிற்றை வேறு எவரும் எடுத்து ஏறிவிடாதபடி துண்டுதுண்டாக வெட்டிவிடுவது வழக்கம். அதில் ஒரு துண்டைப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கிவந்தேன்; எங்கள் மாடியில் துணி காயப்போட உதவுகிறது.