உங்களுக்குத் தெரியுமா? பேய்மாளிகைக்கும் தளப்படம் உண்டு!

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடையின் தீர்ப்பைத் துணைக்கொண்டு கூடிக் கதை வளர்க்கும் விளையாட்டு வகைக்கு, 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆதியாயிற்று. அதன் ஆடுகளமோ, ஒரு கட்டத்துக்குப் பத்தடி என்னும் கணக்கில் கட்டத்தாளில் வரையப்பட்ட தளப்படமே. 1983இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் இவ்விளையாட்டுக்கென இயற்றிய ‘ரேவன்லாஃப்ட்’ கதையில், கோட்டையின் மாடிகளும் நிலவறைக் கல்லறைகளும் அடுக்கடுக்காய்ப் புலப்படுமாறு சாய்கோணத்தில் தீட்டிய சித்திரம் பெரும் பிரசித்தி பெற்றது.

பெங்களூர்வாசி இத்தகைய படம் வரைய அந்நிய தேசத்துக் கோட்டையை நாட வேண்டுவதில்லை. கண்டோன்மென்ட் பகுதியின் பழைய பங்களாக்களில், சாளரங்களின்மேல் கூம்பி நிற்கும் ‘மங்கி டாப்’ மரமுகப்பே மர்மத்துக்குப் போதுமான முன்னுரை. 1990களில் இந்நகரில் பரவிய ஐதிகமோ வாசற்கதவையே கதையின் மையமாக்கியது: இரவில் பழகிய குரலில் அழைத்துக் கதவைத் தட்டும் பெண்பேய், அங்கே கன்னடத்தில் ‘நாளே பா’, அதாவது ‘நாளை வா’, என்று எழுதியிருக்கக் கண்டால் திரும்பிச் சென்று, மறுநாளும் வந்து அவ்வாறே ஏமாறுமாம்.

படம் வரைவோர்க்கு ஒரு சூட்சுமம்: வெளிச்சுவரின் நீளத்தைக்காட்டிலும் உள்ளறைகளின் மொத்த நீளம் பத்தடி குறைந்திருக்கட்டும். அளந்து பார்த்தவர் நெஞ்சில் அந்த ரகசிய அறையின் கதவு தானே திறக்கும்; அச்சம் பிறப்பது பேயினாலன்று, கணக்கில் அகப்படாத அந்த வெளியினாலேயே!