கரண்டுக்கு ஷாக் அடிச்ச கதை

‘கேப்டனைக் கொசு கடிச்சிருச்சு. மூணு நாளா கொசுவுக்குக் காய்ச்சல்.’

நரிக்குடி, திருச்சுழி பக்கம் டீக்கடையில் இதைச் சொன்னால் எந்தக் கேப்டன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். விஜயகாந்த்தான். 1991-ல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ கொடுத்த பட்டம் அது. அவருக்கு நூறாவது படம்.

இந்த ஜோக்குகளுக்கெல்லாம் ஊற்றுக்கண் என்று நான் நினைப்பது 2001-ல் வந்த ‘நரசிம்மா’. அதில் அவர் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அவருக்கு ஒன்னும் ஆகாது. ஜனங்கள் அதை ஒரு படி நீட்டி, கரண்டுக்கே ஷாக் அடிச்சிருச்சு என்றார்கள். சூத்திரம் அவ்வளவுதான்: எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்று. சுவரில் முட்டினால் சுவருக்கு வீக்கம். ஊசி போட்டால் நர்ஸம்மாவுக்கு வலி. அமெரிக்காவில் 2005 வாக்கில் சக் நாரிஸை வைத்துக் கிளம்பியதும் இதே சூத்திரம்தான்.

2010-ல் ‘எந்திரன்’ சமயத்தில் பரவிய ரஜினி ஜோக்குகள் கொஞ்சம் வேற ரகம். அங்கே பிரபஞ்சமே ரஜினி சொன்னதைக் கேட்கும். விஜயகாந்த் ஜோக்கில் பிரபஞ்சம் கிடையாது, உடம்பு மட்டும்தான். கருத்த, கட்டையான, நம்ம சித்தப்பா மாதிரி ஒரு உடம்பு, சுவரில் காலை ஊன்றி எகிறி உதைக்கிறது. அந்தப் பொருத்தமின்மையில்தான் சிரிப்பு வருது. பாசமும் அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு.

ஆனா அரசியல் வந்ததும் ஜோக் திரும்பிருச்சு. 2005-ல் தேமுதிக, 2011-ல் எதிர்க்கட்சித் தலைவர். அதன் பிறகு இரும்பு உடம்பை விட்டுவிட்டு, தடுமாறும் நடையையும் குழறும் பேச்சையும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாத்துக்கும் குடிதான் காரணம்னு ஒரே முடிவு. நோயாளி ஒருத்தரை ஊரே பகடி செய்துகொண்டிருந்தது. எதனாலும் சாகாதவர் என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு வலிக்கும் என்பதை மறந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2023 டிசம்பர் 28-ல் அவர் போனார். சென்னைத் தீவுத்திடலில் அஞ்சலிக்குத் திரண்டது பெருங்கூட்டம். அவர் ஆபீசில் சாப்பிட்டவர்கள் சோற்றுக் கதை சொன்னார்கள். குடி ஜோக்குகள் ராவோடு ராவாகக் காணாமல் போயின. கொசு ஜோக் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.