துப்பாக்கிக் குழலில் ஒட்டும் காரீயம்: கரைக்காதீர்கள், தேய்த்தெடுங்கள்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது தமிழ்நாடு முழுவதும் உள்ள நடைமுறை. மதுரை மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் கொட்டாம்பட்டியும் அதற்கு விலக்கல்ல. பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் வாங்கிய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் வாரக்கணக்கில் காவல் நிலையத்திலேயே இருக்கும். சுட்டபின் துடைக்காமல் ஒப்படைத்த துப்பாக்கி துருவேறித் திரும்பினால், ஈரக்காற்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கரி, பிளாஸ்டிக், காரீயப் படிவு ஆகியவை ஈரத்தை அடியில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இந்தத் துப்பாக்கியின் அளவே காரீயத்தை வைத்துக் கணக்கிட்டதுதான். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் காரீயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை ஒன்றின் விட்டமே 12 போர் குழலின் உள்விட்டம். ஏறத்தாழ 18.5 மி.மீ. தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு அல்ல, சிறு மணிகளாக உள்ள ரவை. களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியில் ஒரு தோட்டாவுக்கு 24 கிராம் வரை ரவை அனுமதி. மணிகளாக எண்ணினால் ஏறத்தாழ 300 வரும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணியோடு தங்கம் வென்றதும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கியதும் இந்தப் பிரிவில்தான். தகுதிச் சுற்றில் மட்டும் ஒருவர் 125 களிமண் தட்டுகளைக் குறிபார்க்க வேண்டும். அத்தனை சூடுகளையும் தாங்குவது ஒரே துப்பாக்கி.

காரீயம் ஏன் ஒட்டுகிறது? அது நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையான உலோகம், 327.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மருந்து எரியும்போது உண்டாகும் வாயுவின் வெப்பமோ 2,000 டிகிரியைத் தாண்டும். அந்த வாயு பின்னாலிருந்து தள்ளும் வேகத்தில் மணிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஓரத்து மணிகள் நசுங்கிச் சுவரோடு உரசி, மெல்லிய தகடாக இழுபடுகின்றன. மருந்துக்கும் ரவைக்கும் இடையிலுள்ள அடைப்பைத் தாண்டிக் கசியும் வாயு மணிகளின் மேற்பரப்பை உருக்கவும் செய்கிறது. தோட்டா அறையைத் தாண்டியதும் குழல் குறுகும் இடத்திலும், வாய்ப்பக்கம் சோக் எனப்படும் நெருக்கமான பகுதியிலும் படிவு அதிகம். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், மங்கிய சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரியும்.

தோட்டா செய்பவர்கள் இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, காரீயத்தோடு ஆன்டிமனி கலந்து கடினமாக்குவது. இன்னொன்று, 1960-களில் பரவிய பிளாஸ்டிக் கிண்ணம். ரவை அதற்குள் அமர்ந்தபடியே குழலைக் கடப்பதால் சுவரைத் தொடுவதில்லை. ஆகவே புதுத் தோட்டாக்களில் காரீயப் படிவு குறைவு, பிளாஸ்டிக் படிவு அதிகம். கம்பளி அட்டை வைத்த பழைய தோட்டாக்களிலும், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளிலும் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. கெட்டிக்கும் துப்பாக்கிக்கான கருமருந்து எரிந்தபின், அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாக எஞ்சும். அது ஈரத்தை உறிஞ்சும் உப்பு. அதை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே எண்ணெய் இட வேண்டும்.

சுத்தம் செய்வதில் முதல் வேலை, துப்பாக்கியில் தோட்டாவோ மருந்தோ இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வது. பிறகு குழலைக் கழற்றி, துப்புரவுத் திரவத்தில் நனைத்த துணியை உள்ளே ஓட்டிச் சில நிமிடம் ஊற விடுங்கள். அந்தத் திரவம் கரியையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும், காரீயத்தைக் கரைக்காது. காரீயத்தை உரசித்தான் எடுக்க வேண்டும். இங்கே உதவுவது கடினத்தன்மையின் படிவரிசை. பிரினெல் அளவில் தூய காரீயம் சுமார் 5, குழலின் எஃகு 200-ஐ ஒட்டி இருக்கும். வெண்கலம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதனால் வெண்கலக் கம்பி பிரஷ் காரீயத்தைச் சுரண்டும், எஃகைக் கீறாது. தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். வெள்ளைத் துணி கறையில்லாமல் வெளிவரும்வரை தொடருங்கள். கடைசியாக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

வேதியியல் குறுக்குவழி இரண்டு உண்டு. இரண்டையும் தொடவே கூடாது. பாதரசம் காரீயத்தைக் கரைத்து ரசக்கலவையாக்கும் என்பது உண்மை. ஆனால் பாதரசம் அறை வெப்பத்திலேயே நச்சு ஆவியாகும். பாதரசக் கழிவால் கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டதைத் தமிழ்நாடு அறியும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் காரீயம் மறைந்ததுபோலத் தெரியும். அது எங்கும் போய்விடவில்லை, நீரில் கரையும் ஈய அசிட்டேட்டாக மாறியிருக்கிறது. உடலுக்குள் எளிதில் போகக்கூடிய வடிவம் அது.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி போகும் காரீயத்தில், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகம் உறிஞ்சும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு இது. ஆகவே குழலுக்குள் வாய் வைத்து ஊதாதீர்கள். அடுப்படியிலும், பிள்ளைகள் விளையாடும் திண்ணையிலும் இந்த வேலை வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, பழைய செய்தித்தாளை விரித்துச் செய்யுங்கள். தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். சோப்பால் கைகழுவிய பிறகே தண்ணீர் குடியுங்கள்.

குழலைத் தாண்டிப் போகும் காரீயமும் சும்மா இருப்பதில்லை. இரையை அரைக்க நீர்ப்பறவைகள் சிறு கற்களை விழுங்கும்போது ரவையையும் சேர்த்து விழுங்குகின்றன. அரைவைப்பையின் அமிலத்தில் அது கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. இதனால்தான் அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவைக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சதுப்புநிலங்களில் தடுத்தது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுக்கிறது. கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில், 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

அந்த அக்கறை துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் வேண்டும். சுட்ட அன்றே குழலைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்குத் துணியை எரிக்காதீர்கள். கழுவிய நீரை வாய்க்காலிலோ கண்மாயிலோ ஊற்றாதீர்கள். சுரண்டிய தூளையும் துணியையும் மூடியுள்ள டப்பாவில் அடைத்து, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள்.