டஃபன் கிளாஸ் என்று சொன்னால் போதுமா?

2025 செப்டம்பரில் கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தில் ஒரு கண்ணாடி கீறல் விட்டபோது ஊரே பேசியது. பராமரிப்பு வேலையில் சுத்தியல் விழுந்துவிட்டது என்று விளக்கம் வந்தது, கண்ணாடியும் மாற்றப்பட்டது. அன்று அத்தனை கேள்வி கேட்டவர்கள் சொந்த வீட்டு பால்கனியில் என்ன கண்ணாடி மாட்டுகிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பால்காய்ச்சுக்கு நாள் குறித்தாயிற்று, சீக்கிரம் முடியுங்கள் என்பார்கள். “டஃபன் கிளாஸ்தான் சார்” என்று பதில் வரும். விசாரணை அதோடு சரி.

டஃபன் கிளாஸ் என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். உடைந்தால் கத்திச் சில்லாகத் தெறிக்காமல் கற்கண்டு மாதிரி உதிரும். குளியலறைத் தடுப்புக்கும் கதவுக்கும் அது போதும். மாடி பால்கனியில் உதிர்ந்தால்? அந்த இடத்தில் தடுப்பே இருக்காது; சாய்ந்து நின்ற பிள்ளை கீழே போகும். அதனால் பால்கனி, மாடிப்படி, தலைக்குமேல் வரும் கூரை, இந்த மூன்றுக்கும் லேமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும். நடுவில் இருக்கும் படலம் உடைந்த துண்டுகளைப் பிடித்து நிறுத்தும்.

டஃபன் செய்தபின் வெட்டவோ துளைபோடவோ முடியாது. வீட்டு முற்றத்திலேயே வைத்து வெட்டித் தருகிறாரா? அது டஃபன் அல்ல, திருப்பி அனுப்புங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்றும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அழியாதபடி பதிந்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உரிந்து வந்தால் அது வெறும் ஸ்டிக்கர். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் யார் பெயரில், உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். போலி என்றால் புகாரும் அதிலேயே கொடுக்கலாம். மாட்டும் முன்பே மூலையைப் படம் எடுத்துவிடுங்கள். சட்டத்துக்குள் போனபின் முத்திரை மறைந்துவிடலாம். கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் ஸ்டீல் கிளாம்பும் நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு 316 தரமாக இருக்கட்டும், 304 துருப்பிடிக்கும். வரைபட அனுமதிக்கு நடையாய் நடக்கவைக்கும் அலுவலகங்கள் இதையெல்லாம் கேட்டு நான் பார்த்ததில்லை.

பில் வாங்குங்கள். துண்டுச்சீட்டு பில் ஆகாது. கண்ணாடியின் வகை, கனம், ஐ.எஸ். எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

உடைந்துவிட்டால் உடனே பெருக்கித் தள்ளாதீர்கள். படம் எடுத்து, கொஞ்சம் துண்டுகளை டப்பாவில் எடுத்து வையுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு 2 வருடம். திரும்பவும் சொல்கிறேன், பில் இல்லாமல் அங்கே போய் நின்றால் வாதாடுவது பெரும்பாடு.