பழைய செய்நிரலும் புதிய பொறியும்

கணினி வாங்குபவர் ஒரு பெட்டியை வாங்குவதாகவே எண்ணுகிறார். ஆயினும், ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்து வைப்பது பெட்டிக்குள் இயங்கும் செய்நிரல்களையே. கணக்கெழுத ஒன்று, படம் வரைய ஒன்று, இசையைப் பதிவுசெய்ய ஒன்று என அவை பெருகுகின்றன. பெட்டி பழுதடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை ஆக்கிய நிறுவனமே, தன் கணினிகளின் மூளையாகிய நுண்செயலியை இனி வேறோர் இனத்திலிருந்து பெறப்போவதாக அறிவித்துவிட்டால், அச்செய்நிரல்களின் கதி யாது? அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் தனது மக்கின்ரோஷ் கணினிகளைப் பொறுத்தவரை இத்தகைய மாற்றத்தை மூன்று முறை செய்திருக்கிறது.

நுண்செயலிக்குத் தெரிந்தவை எண்களே. ஓர் எண் 'கூட்டு' என்று பொருள்படும். இன்னோர் எண் 'விடையை இன்ன இடத்தில் வை' என்று பொருள்படும். ஓரினத்து நுண்செயலியில் 'கூட்டு' எனப் பொருள்படும் எண், மற்றோரினத்தில் வேறு பொருள் தரலாம். பொருளே தராமலும் போகலாம். செய்நிரலை எழுதுபவர் மனிதர் படிக்கக்கூடிய ஒரு மொழியிலேதான் எழுதுகிறார். தொகுப்பான் என்னும் கருவி அதனை ஒரு குறிப்பிட்ட நுண்செயலியின் பொறிமொழிக்கு மாற்றுகிறது. பெரும்பாலும் வாங்குபவர் கைக்கு வருவது அந்தப் பொறிமொழிப் பிரதி மட்டுமே. மூலநிரல் எழுதிய நிறுவனத்தின் பெட்டகத்திலேயே இருந்துவிடுகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மூலத்தை வைத்திருப்பவர் அதைப் புதிய பொறிமொழிக்கு மீண்டும் தொகுக்கலாம். வாங்கியவர் காத்திருப்பதன்றி வேறு செய்வதற்கில்லை.

மீண்டும் தொகுப்பதும் எப்போதும் எளிதன்று. ஒரு பெரிய எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது, அப்பிள் பயன்படுத்திய பவர் பி.சி. நுண்செயலி அதன் உயர்ந்த பகுதியை முதலில் வைத்தது. இன்ரெல் நுண்செயலியோ தாழ்ந்த பகுதியை முதலில் வைப்பது. 5-8 என்று எழுதிய திகதியை ஒருவர் ஓகஸ்ட் 5 என்றும் மற்றவர் மே 8 என்றும் படிப்பதை ஒத்தது இது. இருவருமே தத்தம் வழக்கப்படி சரியாகத்தான் படிக்கிறார்கள். தவணை மட்டும் தவறிவிடுகிறது.

இக்கவலை அப்பிளோடு தோன்றியதன்று. 1964 ஏப்ரல் 7ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்ரம் 360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதும் பெரியதுமான கணினிகள் யாவும் ஒரே அறிவுறுத்தல் தொகுதியை விளங்கிக்கொள்ளும் என்பதே அதன் சிறப்பு. அப்படியாயின், அதற்கு முந்திய 1401 கணினியை வைத்திருந்த ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் தம் செய்நிரல்களை எறிந்துவிடுவதா? புதிய குடும்பத்தின் சிறிய கணினிகள் 1401ஐப் போல நடிக்கவும் வல்லனவாக ஆக்கப்பட்டன. அதன் பின்னரும் ஐ.பி.எம். தன் பெருங்கணினிகளை எத்தனையோ முறை மாற்றியமைத்தது. எனினும் 360க்கு எழுதப்பட்ட பயன்பாட்டுச் செய்நிரல்களை அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் இயக்க வல்லன. பழையதைக் காப்பதில் ஐ.பி.எம். காட்டிய இப்பொறுமை அப்பிளிடம் இருந்ததில்லை.

1984இல் வெளிவந்த மக்கின்ரோஷ், மோட்டொரோலா 68000 நுண்செயலியைக் கொண்டது. 1994 மார்ச்சில் அப்பிள் பவர் பி.சி.க்கு மாறியபோது, பழைய அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாகப் படித்து அதற்கீடான செயலைச் செய்யும் ஒரு போலிசெய் நிரலைப் புதிய கணினிக்குள்ளேயே பதித்து வைத்தது. கணினியை ஆளும் பணிசெயல் முறைமையின் பெரும்பகுதியே அப்போது பழைய மொழியில்தான் இருந்தது. அதுவும் இந்தப் போலிசெய் நிரலின் தயவிலேயே ஓடியது. வேகம் குன்றினும் வேலை தடைப்படவில்லை. வேறு சில நிறுவனங்கள் இரு பொறிமொழிப் பிரதிகளையும் ஒரே கோப்பில் சேர்த்து விற்றன. எந்தக் கணினியில் இட்டாலும் அது தனக்குரிய பாதியைத் தெரிந்தெடுத்துக்கொண்டது.

பவர் பி.சி.யின் இறுதி வடிவங்கள் மிகுதியாக வெப்பம் உமிழ்ந்தன. அவற்றை மடிக்கணினிக்குள் அடக்க இயலவில்லை. 2005 ஜூன் 6ஆம் திகதி, இன்ரெலுக்கு மாறப்போவதாக ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். தமது பணிசெயல் முறைமை ஐந்து ஆண்டுகளாக இன்ரெலுக்கும் சேர்த்தே இரகசியமாகத் தொகுக்கப்பட்டு வந்தது என்பதையும் அன்று வெளிப்படுத்தினார். 2006 ஜனவரியில் புதிய கணினிகள் வந்தன. அவற்றோடு வந்த மொழிபெயர்ப்பிக்கு றொசெற்றா என்று பெயர். 1799இல் எகிப்திற் கண்டெடுக்கப்பட்ட மூவெழுத்துக் கல்லின் பெயர் அது. அந்தக் கல் எதையும் மொழிபெயர்த்ததில்லை, மொழிபெயர்ப்புக்கு வழிகாட்டியது மாத்திரமே என்பதை வணிகப் பெயர் சூட்டுவோர் பொருட்படுத்துவதில்லைப் போலும்.

இந்த றொசெற்றா செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாக மொழிபெயர்த்தது. படக்கலைஞர்களின் போட்டோஷொப் செய்நிரலுக்கு இன்ரெல் பிரதி 2007இல்தான் கிடைத்தது. அதுவரை புதிய கணினியில் அதனை மொழிபெயர்ப்பின் மூலமே இயக்க வேண்டியிருந்தது. 2011 ஜூலையில் வெளிவந்த 'லயன்' பணிசெயல் முறைமையில் றொசெற்றா நீக்கப்பட்டது. அம்முறைமைக்கு மாறியவரின் பவர் பி.சி. செய்நிரல்கள் யாவும் அத்துடன் ஊமையாயின.

மூன்றாவது மாற்றம் 2020இல் நிகழ்ந்தது. அப்பிள் தானே வடிவமைத்த எம் 1 நுண்செயலி அவ்வாண்டு நவம்பரில் வந்தது. இரண்டாவது றொசெற்றா பெரும்பாலும் செய்நிரல் முழுவதையும் ஓட்டத்துக்கு முன்னரே மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நுண்செயலிக்குள் இருக்கும் பல கருக்கள் ஒரே பேரேட்டில் எழுதும் எழுதுவினைஞர்கள் போன்றவை. ஒருவர் எழுதிய வரிகள் மற்றவர் கண்ணுக்கு எந்த ஒழுங்கில் தென்பட வேண்டும் என்பதில் இன்ரெல் கண்டிப்பானது. எம் 1 சார்ந்த ஆர்ம் இனமோ தளர்ச்சியானது. அந்த ஒழுங்கை மொழிபெயர்ப்பி மட்டும் காப்பதாயின் அடிக்கடி காவல் அறிவுறுத்தல்களைச் செருக வேண்டும், வேகம் வீழ்ந்துவிடும். ஆதலால் இன்ரெலின் ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு நிலையைப் புதிய நுண்செயலியிலேயே அப்பிள் அமைத்தது. பழைய செய்நிரல்களுக்காகப் புதிய சிலிக்கனில் இடம் ஒதுக்கியது பாராட்டத்தக்கதே. எனினும், பணிசெயல் முறைமையின் உட்கருவோடு இணையும் சாதன நிரல்களை றொசெற்றா மொழிபெயர்ப்பதில்லை.

இந்தப் பாலத்துக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. மக் ஓ.எஸ். 27 வரையிலேயே றொசெற்றா முழுமையாகக் கிடைக்கும் என்றும், அதன் பின்னர் பராமரிப்பற்ற பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும் தொடரும் என்றும் அப்பிள் 2025 ஜூனில் அறிவித்தது. தவணை இல்லாவிடில் செய்நிரல் நிறுவனங்கள் மூலநிரலைத் திருத்த முன்வரமாட்டா என்னும் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதிய நிறுவனமே மூடப்பட்டு, மூலநிரலும் மறைந்துபோன நிலையில், தவணை யாரை விரைவுபடுத்தப் போகிறது? அத்தகைய செய்நிரலை நம்பியிருப்பவர் பழைய கணினியை, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பின்னரும், அப்படியே வைத்து ஓட்ட நேரிடும். அல்லாவிடில், அது ஓடும் காலத்திலேயே தம் கோப்புகளைப் பிற செய்நிரல்களும் படிக்கக்கூடிய பொதுவடிவங்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எவை அத்தகையன என்பதைக் கண்டறிவது கடினமன்று. மக்கின்ரோஷ் கணினி தன்னிலுள்ள ஒவ்வொரு செய்நிரலும் எந்த இனத்தது என்பதைத் தகவற் பட்டியலில் காட்டுகிறது. அதில் 'இன்ரெல்' என்று மட்டும் குறிக்கப்பட்டவையே கவனிக்க வேண்டியவை.