கை ஆடுகிறதே, வாங்கலாமா?

“டீச்சர், இது பழுதான சாமான் மாதிரி இருக்கு. கையெல்லாம் ஆடுது. வேணாம், போயிடலாம்.”

கடந்த பள்ளி விடுமுறையில், ஈப்போவில் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில் நின்றுகொண்டு என் மாணவன் இப்படி என் காதோரம் சொன்னான். படிவம் நான்கு படிக்கிறான். அவன் அம்மாவும் கூட வந்திருந்தார். எங்கள் முன்னே சுவரோரமாக ஒரு மர மனிதன் நின்றிருந்தான். தலை இல்லை, முகம் இல்லை. உருண்டையான ஒரு தண்டு, மேலே இரண்டு கைகள், வயிற்றுக்கு நேராக இன்னொரு கை, கீழே முழங்கால் மடங்கியதுபோல் வளைந்த ஒரு கால். அவ்வளவுதான்.

விங் சுன் என்ற தென்சீனத் தற்காப்புக் கலையைப் பயில்பவர்கள் வைத்திருக்கும் பயிற்சிப் பொம்மை இது. கண்டனீஸ் மொழியில் ‘மூக் யான் ஜோங்’ என்பார்கள். மூக் என்றால் மரம், யான் என்றால் மனிதன், ஜோங் என்றால் கம்பம். ஈப்போவில் வளர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு சொற்களாவது காதில் விழுந்திருக்கும்.

பையன் ஒரு வருடமாக விங் சுன் வகுப்புக்குப் போகிறான். வார இறுதிகளில் மாமாவின் மளிகைக்கடையில் வேலை செய்து 850 வெள்ளி சேர்த்திருக்கிறான். அவனுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, ஒரு பெரியவர் வீடு மாறிப் போவதால் விற்கும் இந்தப் பழைய பொம்மை. இன்னொன்று, இணையத்தில் பார்த்த புத்தம் புதியது. அந்த விளம்பரத்தில், “இரும்பு போன்ற மரம்! கைகள் பசையும் திருகும் போட்டு இறுக்கப்பட்டவை! ஒரு துளியும் அசையாது!” என்று போட்டிருந்தது. அவன் மனம் ஏற்கெனவே புதியதன் பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மாதான், “உங்க அறிவியல் டீச்சர் சரின்னு சொன்னா வாங்கித் தர்றேன்” என்று சொல்லி என்னை இதில் இழுத்துவிட்டார்.

அவர் சரியான ஆளைத்தான் இழுத்தார். அசையாத மர மனிதனை அடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். 2008இல் வந்த ‘இப் மேன்’ படத்தைப் பார்த்துவிட்டு, மறு வருடம் நானும் அண்ணனும் வீட்டுக்குப் பின்னால் ஒன்று செய்தோம். அப்போது நான் படிவம் ஐந்து. வெட்டிப் போட்டிருந்த ரப்பர் மரத்தில் ஒரு துண்டை இழுத்து வந்து, குழி தோண்டி நட்டு, சுற்றிலும் சிமெண்டு ஊற்றினோம். கைகளுக்கு மண்வெட்டிக் காம்புகள். ஆடக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் நான்கு ஆணி. இரண்டு வாரம் பெருமையாக அடித்தேன். மூன்றாவது வாரம் வலது மணிக்கட்டு எலும்பில் மயிரிழைக் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு. எஸ்.பி.எம். தேர்வு நவம்பரில். கட்டை அவிழ்த்த கையோடு கட்டுரை எழுத உட்கார்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அம்மா அந்தக் கம்பத்தைப் பிறகு துணிக்கொடி கட்டப் பயன்படுத்திக்கொண்டார்.

அன்று எங்களுக்குத் தெரியாமல் போனதைத்தான் முன்கூடத்தில் நின்றபடி பையனுக்கு விளக்கினேன். ஒரு கணக்கு போடுவோம். உங்கள் முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து 2 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மரத்தைத் தொடுகிறது. உந்தம் என்பது நிறையும் வேகமும் பெருக்கி வருவது. ஆக 8 கிலோகிராம் மீட்டர்/நொடி. கை நிற்க வேண்டுமானால் இந்த 8 பூஜ்யமாக வேண்டும். எவ்வளவு நேரத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 0.01 நொடியில் நின்றால், சராசரி விசை 800 நியூட்டன். 80 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆள் உங்கள் முன்கை எலும்பின்மேல் ஏறி நிற்பதற்குச் சமம். அதே கை 0.04 நொடியில் நின்றால் 200 நியூட்டன்தான். அடி ஒன்றே, உந்தம் ஒன்றே. நேரம் நான்கு மடங்கானதால் விசை நான்கில் ஒன்றாகிவிட்டது. பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும், காரில் காற்றுப்பை வைப்பதும் இதற்காகத்தான்.

மர மனிதனில் இந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது? பலர் தண்டு அசைவதால் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தண்டின் நிறை 40 கிலோகிராம் அளவில் இருக்கும். நம் கை கொடுக்கும் உந்தம் முழுவதும் அதற்குப் போனாலும் நொடிக்கு 0.2 மீட்டர் வேகம்தான் கிடைக்கும். முதல் 0.01 நொடியில் அது நகர்வது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தக் கணத்தில் நம் எலும்பைப் பொறுத்தவரை தண்டு ஒரு சுவர்தான். முதலில் அசையக்கூடியது மரக்கை. அது சில கிலோகிராமுக்குள் அடங்கும் ஒரு கட்டை. அதன் சதுர அடிப்பகுதி தண்டின் துளைக்குள் நுழைந்து பின்பக்கம் வெளியே வரும். அங்கே ஒரு முளை செருகி, நழுவாமல் நிறுத்துவார்கள். துளையில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். அடி விழுந்ததும் கை முதலில் துளைக்குள் நகர்ந்து, பிறகுதான் தண்டில் மோதும். ‘டக்’ என்ற அந்தச் சத்தம் அப்போது வருவதுதான். ஒரே பெரிய மோதல் அடுத்தடுத்த இரண்டு மோதல்களாகப் பிரிந்துவிடுகிறது.

பையன் பழுது என்று நினைத்த ஆட்டம் இதுதான். பசையும் திருகும் போட்ட கை, தண்டோடு ஒரே உடல். என் மண்வெட்டிக் காம்பும் அப்படித்தான் இருந்தது.

அதற்காகத் தண்டின் அசைவு வீண் என்று சொல்லவில்லை. அது அடுத்த கட்டத்துக்கு. நல்ல பொம்மையில் தண்டு தரையைத் தொடாது. மேலும் கீழும் குறுக்காக இரண்டு தட்டையான மரச்சட்டங்கள் தண்டைத் துளைத்துச் செல்லும். அவற்றின் முனைகள் சுவரில் பொருத்திய இரண்டு தூண்களில் உட்காரும். நீங்கள் தள்ளும்போது சட்டங்கள் வில்போல் வளைந்து தண்டைப் பின்னே விடும். உடனே திருப்பி உங்கள்மேல் தள்ளும். எதிரில் ஓர் ஆள் நிற்பதுபோன்ற உணர்வு அதனால்தான் கிடைக்கிறது. புரூஸ் லீக்கு ஹாங்காங்கில் விங் சுன் கற்பித்த இப் மேன் (1893–1972) பிறந்த ஃபோஷான் பகுதியில் இந்தக் கம்பத்தை மண்ணில் புதைப்பது வழக்கம். ஹாங்காங்கின் அடுக்குமாடிகளில் மண்ணுக்கு எங்கே போவது? அங்கே அது சட்டங்களில் ஏறிச் சுவருக்கு வந்தது. இடப் பற்றாக்குறையால் வந்த மாற்றம், என் கண்ணுக்கு ஒரு நல்ல பொறியியல் மேம்பாடு.

சட்டம் வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். ஒரு சட்டத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 விழுக்காடு தடிமன் கூடினால் விறைப்பு 33 விழுக்காடு கூடும். இருமடங்கு தடிமனென்றால் எட்டு மடங்கு. “உறுதியா இருக்கட்டும்” என்று தச்சர் அன்போடு தடித்த பலகை போட்டுக் கொடுத்தால், மறுபடியும் சுவர்தான். தண்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். பின்னே போய், விட்டதும் திரும்பி வர வேண்டும்.

இனி மரத்துக்கு வருவோம். ‘இரும்பு போன்ற மரம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பையன் மயங்கியது இங்கேதான். தண்டின் விட்டம் 23 சென்டிமீட்டர், நீளம் 1.5 மீட்டர் என்றால் கனஅளவு சுமார் 0.062 கனமீட்டர். ரப்பர் மரத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோகிராம். பெருக்கினால் 40 கிலோகிராம். செங்கால் மரமானால் 60ஐ நெருங்கும். கூடுதல் கனம் கைக்கு நன்மை செய்யாது. சுமந்துவரும் லாரிக்காரருக்கும் செய்யாது. நம் நாட்டில் பால் குறைந்த முதிய ரப்பர் மரங்களை வெட்டித்தான் மூவார் போன்ற ஊர்களில் மேசை நாற்காலி செய்கிறார்கள். பொம்மைக்கும் அது தாராளமாகப் போதும். ஒரு குறை உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். நமக்குச் சோறுபோல, பூஞ்சைக்கும் மரத்தைத் துளைக்கும் வண்டுகளுக்கும் அது விருந்து. அதனால்தான் ஆலைகளில் போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். பழைய பொம்மை வாங்கினால் குண்டூசித் தலை அளவுத் துளைகளும் அவற்றின் அடியில் மாவு போன்ற தூளும் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வீட்டு அலமாரிக்கும் பரவும்.

அந்தப் பெரியவரின் பொம்மையில் தூள் இல்லை. ஆனால் தண்டின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட வெடிப்பு. பையன் என்னைப் பார்த்தான். “இது?”

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு சுருங்கும். யோசித்துப் பாருங்கள்: சுற்றளவு நிறையக் குறையப் பார்க்கிறது, ஆரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இடுப்புப் பட்டியை அளவுக்கு மீறி இறுக்கியதுபோலத்தான். எங்கேயாவது ஓரிடத்தில் பிளந்தே ஆக வேண்டும். முழு மரத்தில் வெட்டிய தண்டில் வெடிப்பு வருவது ஏறக்குறைய நிச்சயம். அது கைத்துளைகளை ஊடுருவாதவரை கவலை இல்லை. பலகைகளை ஒட்டிச் செய்த தண்டில் இந்தத் தொல்லை குறைவு. குளிர்சாதன அறையில் வைத்தால் காற்று உலர்ந்து வெடிப்பு கூடும். கூடத்திலேயே இருக்கட்டும். பெரியவரின் வெடிப்பு துளைகளிலிருந்து விரற்கடை தள்ளியே போயிருந்தது.

உயரம் பற்றி ஒரு சொல். மேலிரு கைகள் உங்கள் தோள் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் வளரும் வயது. இன்றைய தோளுக்குச் சுவரில் துளை போட்டால் அடுத்த ஆண்டு குனிந்துதான் பயில வேண்டும். ஏற்றி இறக்கும் துளைகள் உள்ள தூணாகப் பாருங்கள்.

வளரும் வயது என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “அடிக்க அடிக்க எலும்பு இரும்பாகும்” என்று நண்பர்கள் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892இலேயே எழுதினார். டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆனால் அது ஆண்டுக் கணக்கில், மெல்ல மெல்ல நடப்பது. உங்கள் வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இன்னும் இருக்கும். முதிர்ந்த எலும்பைவிட அது மென்மையானது. அங்கே அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். சில வாரம் அடித்ததும் வலி தெரியாமல் போனால் கை பலமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கை ‘மரத்துப்போச்சு’ என்கிறோமே, அது மரம்போல் உறுதியானது என்ற பொருளில் இல்லை. உணர்ச்சி குறைந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மர மனிதன் கோணத்தையும் நடையையும் பழக வந்தவன். அடித்து உடைக்க வேண்டிய எதிரி இல்லை.

பையன் குடியிருப்பது ஒன்பதாவது மாடி. அவன் அம்மாவின் கவலையெல்லாம் கீழ்வீட்டுக்காரர்தான். நியாயமான கவலை. சத்தம் காற்றில் போகும் வேகத்தைவிடக் கான்கிரீட்டில் பல மடங்கு வேகமாகப் போகும், அதிகம் தேயாமலும் போகும். அறைக் கதவைச் சாத்துவதால் பயன் இல்லை. தூணுக்கும் சுவருக்கும் இடையே தடித்த ரப்பர்த் துண்டு வைத்து, அதிர்வு சுவரில் ஏறும் வழியைக் குறைப்பதுதான் வழி. திருகு மாட்டுவது கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ இருக்கட்டும். மெல்லிய தடுப்புச் சுவர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகை விட்டுவிடும். வாடகை வீடென்றால் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள்.

பேரம் 700 வெள்ளியில் முடிந்தது. மீதி 150 வெள்ளியில் ரப்பர்த் துண்டும் திருகும் வாங்கினோம். பெரியவர் கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தத் துளைக்கு எது என்று பென்சிலால் எண் போட்டுக் கொடுத்தார். முளைகளைத் தனியாக ஒரு மைலோ டின்னில் போட்டு மூடினார்.

போன வாரம் பையன் கைப்பேசியில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். டக், டக், டக் என்று சீராகக் கேட்டது. கூடவே ஒரு குறிப்பு: “டீச்சர், கீழ்வீட்டு ஆன்ட்டி எட்டு மணிக்கு மேல வேணாம்னு சொல்லிட்டாங்க. நடுக்கை மட்டும் ஆட மாட்டேங்குது. மழையில மரம் உப்பிடுச்சா?”

ஆமாம் தம்பி. கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய். அதிகம் தேய்த்துவிடாதே.