எந்தக் காலனி?

கும்பகோணத்துக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தபாலாபீசில் வெகுகாலம் போஸ்ட்மேனாக இருந்தேன். காலையில் பை வந்து தபாலைப் பிரித்து அடுக்கும்போதே அது இரண்டு கட்டாகிவிடும். அக்ரகாரம், வடக்குத் தெரு, கீழத் தெரு எல்லாம் ஒரு கட்டு. அது ‘ஊர்’. முகவரியில் ‘காலனி’ என்று இருந்தால் இன்னொரு கட்டு. அது வாய்க்கால் தாண்டி, தலித்துகள் குடியிருந்த பக்கம். பின்கோடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிறகு தஞ்சாவூருக்கு மாற்றலானேன். அங்கேயும் காலனிகள்தான். பேங்க் ஸ்டாஃப் காலனி, ரயில்வே காலனி, டீச்சர்ஸ் காலனி. வாசல் தூணில் கிரானைட் பலகையில் பெயரோடு காலனியையும் பொறித்திருப்பார்கள். ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டபடியே ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, “காலனி பேரை விட்டுட்டு எழுதிடறாங்க தம்பி, எங்கேயோ சுத்திட்டு வருது” என்று குறைபட்டுக்கொள்வார்.

கிராமத்தில் இதற்கு நேர்மாறு. வாய்க்கால் தாண்டி இருந்த பட்டதாரிப் பையன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் காலனியை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவான். ஏனப்பா என்றேன். “கொண்டாந்து குடுக்கப்போறது நீங்க. உங்களுக்கு என் வீடு தெரியும்ல அண்ணே? அங்க இருக்கறவனுக்கு எதுக்குத் தெரியணும்?” என்றான். நான் ஊர்த் தெருவில் பிறந்தவன். எனக்கு அது ஒரு முகவரி, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தைப் பிரிக்கிறவர் அந்த ஒரு சொல்லை வைத்து என்ன கணக்குப் போடுவார் என்று அவன் யோசிக்க வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். “அதுல என்ன கெட்ட வார்த்தை இருக்கு?” என்று எங்கள் டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. சொல்லில் ஒன்றும் இல்லை. டவுனில் அதையே கிரானைட்டில் பொறிக்கிறார்களே.

‘சேரி’யின் கதை இன்னும் பழையது. குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போன உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டியது. அந்த ஊரில் பன்னிரண்டு சேரிகள் இருந்ததாக அது சொல்கிறது. உத்திரமேரூர் அன்றைக்குச் சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் ஊர். ஆக, வேதம் படித்தவர்களும் சேரியில்தான் குடியிருந்தார்கள். ஒரு நூறு வருஷம் போல ஆகி, ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் ‘பறைச்சேரி’யும் ‘தீண்டாச்சேரி’யும் வந்துவிட்டன. போகப்போக முன்னால் இருந்த அடைமொழி உதிர்ந்து, வெறும் ‘சேரி’யே வசவாகிப்போனது. அரசு தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தபோது அந்த வசவு ‘காலனி’க்குக் குடிமாறியது. வேளச்சேரியில் ஃபிளாட் வாங்குகிறவருக்கு இதெல்லாம் உறைக்காது, உறைக்கவும் வேண்டியதில்லை.

நல்ல எண்ணத்தோடு வைத்த பெயரும் இதற்குத் தப்பவில்லை. ‘ஹரிஜன்’ என்பதைப் பரப்பியவர் காந்தி. அந்தப் பெயரிலேயே 1933இல் பத்திரிகையும் தொடங்கினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் அந்தச் சொல் வந்ததற்காகத் தம் கட்சியினரோடு வெளிநடப்பே செய்தார். ‘ஆதி திராவிடர்’ வந்த வழி வேறு. தலித் தலைவர் எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் கேட்டு, 1922இல் அரசு ஏற்றுக்கொண்டது. ஒன்று கொடுத்த பெயர், மற்றது கேட்டு வாங்கிய பெயர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

அதற்காக எந்த இடத்திலும் அந்தச் சொற்கள் வரவே கூடாது என்பதும் இல்லை. கன்னடத்துத் தலித் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு தமிழில் ‘ஊரும் சேரியும்’ என்ற பெயரில்தான் வந்தது. அவர் வாழ்க்கை, அவர் சொல். வம்பிழுக்க வருகிறவன் வாயில் அதே சொல் வேறு. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இதைத்தான். சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயரையே ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அது குற்றம் என்றது.

பலகையை மாற்றினால் வாய்க்கால் தூர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். தூராது. சுடுகாடு இரண்டாக இருக்கிற ஊரில் புதுப் பெயரும் கொஞ்ச காலத்தில் அழுக்கேறும். ஆனாலும் இன்றைக்கு விண்ணப்பம் எழுதுகிற பையன் வாய்க்கால் தூரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பெயரை ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களைக் கிராம சபையில் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பலகையில் எழுதுங்கள், அப்படியே தபாலாபீசுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.